கரட்டிலும் புல்வெளியிலும் ஒற்றையடிப் பாதைச் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிக்கும் இராயக்கோட்டைக்கும் இடைப்பட்ட கரட்டு நிலத்தில், ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதையில் சில ஆண்டுகளாக மலைச் சைக்கிள் ஓட்டி வருகிறேன். புதிதாக உடன் வர விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். தருமபுரிப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டம். மண்ணும் முள்ளும் இன்றும் ஒன்றுதான்.

சிங்கிள்டிராக் என்கிறார்களே, அது என்ன?

ஒரு நேரத்தில் ஒரு சைக்கிள் மட்டுமே செல்லக்கூடிய அகலமுள்ள மண்பாதையே சிங்கிள்டிராக். ஆடு மேய்ப்பவரும் விறகெடுக்கப் போகிறவரும் நடந்து நடந்து தேய்த்த தடத்தை நாம் ஒற்றையடிப் பாதை என்கிறோமே, அதேதான். வெளிநாடுகளில் பல இடங்களில் சரிவை அளந்து, மண்ணை வெட்டி, சைக்கிளுக்கென்றே இத்தகைய பாதைகளை அமைக்கிறார்கள். இங்கே நாம் ஓட்டும் பாதை எதுவும் நமக்காகப் போடப்பட்டது இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழேயுள்ள விடைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

இந்தப் பாதை நடுத்தரக் கடினம் கொண்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அமெரிக்காவில் 1988-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம், பாதைகளை வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று தரம் பிரிக்கிறது. நடுத்தரம் எனப்படுவது நீலச் சதுரம். பாதையின் அகலம் 2 அடிக்குக் குறையக் கூடாது, சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சுற்றிப் போக முடியாத கல்லோ வேரோ 8 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது என்பவை அதன் முக்கிய அளவுகள். 10 விழுக்காடு என்றால் 100 மீட்டர் போவதற்குள் 10 மீட்டர் ஏறுவது.

எங்கள் சுற்றுப்பாதை பெரும்பாலும் இந்த அளவுகளுக்குள் அடங்குகிறது. மேற்கு இறக்கத்தில் முழங்கால் உயரப் பாறைப்படி ஒன்று மட்டும் அளவை மீறுகிறது. அந்த இடத்தில் நான் இன்றும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். தார்ச்சாலையில் ஒரே மூச்சில் 30 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இந்தப் பாதைக்கு வேண்டிய உடல்வலு இருக்கும். சரளையில் சைக்கிளை நிதானமாக நிறுத்தும் பழக்கத்தை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பாதை எப்படிப் போகிறது? எந்தத் திசையில் சுற்றுவது?

ஏரிக்கோடியில் தொடங்கி, கரையின் மேலேயே சிறிது தூரம் சென்று, மாந்தோப்பு வேலியை ஒட்டித் திரும்பி, பழைய வண்டித்தடம் ஒன்றைப் பிடித்துக் கரட்டில் ஏறுகிறோம். 3 கி.மீ. நீளும் அந்த ஏற்றத்தின் இருபுறமும் உசிலை, வெப்பாலை, காரை என்று குட்டையான மரங்களும் முட்புதர்களும் அடர்ந்திருக்கின்றன. மேலே போகப் போக மரங்கள் விலகி, கரட்டின் தோளில் திறந்த புல்வெளி வருகிறது. அங்கே 2 கி.மீ. தூரம் பாதை ஒரு சிவப்புக் கோடுபோலப் புல்லுக்குள் வளைந்து போகிறது. பிறகு மேற்கு இறக்கம், ஓர் ஓடை, கேழ்வரகுக் கொல்லைகள், மீண்டும் ஏரி. மொத்த ஏற்றம் 250 மீட்டர் அளவில் இருக்கும். பழகியவர்களுக்கு ஒன்றரை மணி நேரமும் புதியவர்களுக்கு இரண்டரை மணி நேரமும் ஆகும்.

கோயிலை வலம் வருவதுபோல வலமாகவே சுற்ற வேண்டும். வண்டித்தடம் மாடு இழுக்கும் சரிவில் அமைந்தது என்பதால் ஏறுவதற்கு இதமாக இருக்கும். மேற்கு இறக்கத்தில் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் எதிரே கிடக்கும் கல் தெளிவாகத் தெரியும். திசையை மாற்றி ஏறினால் சரளையில் பின்சக்கரம் சுழன்று கொண்டே இருக்கும்.

காப்புக்காட்டுக்குள் ஓட்டலாமா?

அனுமதியின்றி ஓட்டக் கூடாது. காப்புக்காட்டில் அனுமதி பெறாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்கு 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேற்குக் காடுகளில் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 504 சதுர கி.மீ. 2022-இல் ஏறத்தாழ 686 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயமும் சேர்ந்தது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காட்டுப் பாதைகளைச் செல்பேசி வரைபடத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் பலர். வரைபடத்தில் கோடு இருப்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பாதை முழுவதும் காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே, ஊர்ப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், சில பட்டா நிலங்களின் வரப்போரம் என்று போகிறது. அந்தப் பட்டாதாரர்களிடம் நேரில் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே ஓட்டத் தொடங்கினோம். எல்லை எங்கே என்ற ஐயம் வந்தால் ஓசூர் வனக்கோட்டத்தையோ தருமபுரி வனக்கோட்டத்தையோ சேர்ந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுவதே சரி.

யானை வருமா?

இந்தப் பாதையில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர் இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில், அக்டோபர் தொடங்கிச் சில மாதங்களுக்கு, கர்நாடகத்தின் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு அருகிலுள்ள சானமாவு வரை வருவது வழக்கம். கூட்டம் பிரிந்து ஒன்றிரண்டு யானைகள் எதிர்பாராத பக்கம் போய்விடுவதும் உண்டு. அந்த மாதங்களில் வனத்துறையினர் ஊர்களுக்கு எச்சரிக்கை விடுப்பார்கள். முந்தைய நாள் மாலை பாதையோர ஊரில் உள்ள ஒருவரிடமாவது தொலைபேசியில் கேட்காமல் நாங்கள் கிளம்புவதில்லை.

யானை விஷயத்தில் சைக்கிளின் பெரிய ஆபத்து அதன் ஓசையின்மை. நடந்து போகிறவர் பேசிக்கொண்டு போவார், சருகு மிதிபடும், விலங்கு முன்னதாகவே விலகிவிடும். சைக்கிள் சத்தமின்றி, வேகமாக, வளைவைத் திரும்பியவுடன் நேர் எதிரே போய் நிற்கும். அதிர்ச்சியடைந்த யானையைவிட வேகமாக ஒற்றையடிப் பாதையில் யாரும் ஓட்டிவிட முடியாது. புதர் மறைக்கும் வளைவுகளுக்கு முன்பே மணியடிப்பதும், புதிய சாணத்தையோ முறிந்த கிளையையோ கண்டால் அதற்கு மேல் ஓரடியும் போகாமல் திரும்புவதும் எங்கள் குழுவில் பேச்சுக்கே இடமில்லாத விதிகள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை மண் இறுகி, வெயில் தணிந்திருக்கும். நன்றாக விடிந்த பிறகு புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். இருட்டோடு போவது விலங்குகளின் நேரத்தில் போவதாகும். மார்ச் முதல் மே வரை நாங்கள் புல்வெளிப் பகுதிக்கே போவதில்லை. காய்ந்த புல்லில் தீ பிடித்தால் காற்றோடு சேர்ந்து ஓடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் பலர் காட்டுத்தீயில் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது. சுற்றுப்பாதையில் பீடி, சிகரெட், அடுப்பு எதற்கும் எந்த மாதத்திலும் இடமில்லை.

எந்தச் சைக்கிள் வேண்டும்?

முன்பக்கம் மட்டும் 100 முதல் 120 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளவை இந்தப் பாதைக்குத் தேவையில்லாத செலவு. பணத்தை ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கிலும் நல்ல டயரிலும் போடுங்கள். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பெரிய கடைசிப் பல்சக்கரம் என்ற அமைப்பு ஏற்றத்துக்கு எளிது. ஹெல்மெட் இல்லாதவரை உடன் அழைத்துச் செல்வதில்லை.

முள் குத்திப் பஞ்சர் ஆகாமல் இருக்க என்ன செய்வது?

பஞ்சர் ஆகத்தான் செய்யும். அதைத் தாங்கும் ஏற்பாடுதான் வேண்டும். சீமைக் கருவேல முள் டயரை நேராகத் துளைத்து உள்ளேயே முறிந்துவிடும். நெருஞ்சி வேறு வகை. தரையோடு படரும் அந்தக் கொடியின் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். ஏரிக்கரையில் ஒருமுறை இறங்கிப் பார்த்தபோது முன்டயரில் மட்டும் பதினொரு நெருஞ்சி முட்களை எண்ணினேன்.

டியூப் இல்லாத டயரும் உள்ளே திரவ சீலன்ட்டும் இருந்தால் இந்தச் சிறு துளைகள் தாமே அடைபட்டுவிடும். நம் வெயிலில் சீலன்ட் விரைவில் காய்ந்துவிடுவதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். முள்ளைக் கண்டவுடன் பிடுங்கக் கூடாது. பல நேரங்களில் அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். வீடு வந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுங்கள். காற்றழுத்தம் 70 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ. என்ற அளவில் தொடங்கலாம். டியூப் உள்ள டயராக இருந்தால் 30-க்குக் கீழே இறக்காதீர்கள், கல்லில் மோதி டியூப் நசுங்கிக் கிழியும்.

சரளை இறக்கத்தில் விழாமல் ஓட்டுவது எப்படி?

நம் கரடுகளில் இறுகிய செம்மண்ணின் மேல் வெங்கச்சங்கல் எனும் வெள்ளைக் கல்லின் துண்டுகளும் பொடிச் சரளையும் உதிரியாகக் கிடக்கும். சிமென்ட் தரையில் கடுகைக் கொட்டி அதன் மேல் நடப்பது எப்படி இருக்குமோ, டயருக்கு அது அப்படித்தான் இருக்கிறது. நேராகப் போகும்வரை தெரியாது. திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் தவறு.

நான் ஓட்டத் தொடங்கிய மூன்றாவது மாதம், மேற்கு இறக்கத்தின் இரண்டாம் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே முன்பிரேக்கை இழுத்தேன். முன்சக்கரம் வெளிப்பக்கமாக வழுக்கியதை உணர்ந்த அதே நொடியில் இடது உள்ளங்கை தரையில் இருந்தது. தோலுக்குள் ஏறிய வெள்ளைக் கற்பொடியைப் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கையுறை இல்லாமல் ஏறுவதில்லை.

வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்குகளையும் ஒற்றை விரலால் மென்மையாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட்டு, இடுப்பை இருக்கையிலிருந்து எழுப்பிச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி, பார்வையை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் சைக்கிள் அந்தக் கல்லுக்கே போகும். பின்சக்கரம் இழுபட்டு 'சர்ர்' என்று ஓசை கேட்டால் பிரேக்கை அதிகமாகப் பிடித்துவிட்டீர்கள் என்று பொருள். உடனே சிறிது தளர்த்துங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறுவதும் இந்த விளையாட்டுடனேயே பிறந்த சிக்கல். 1976-இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய சைக்கிள்களைக் கொண்டு மலைச்சரிவில் பந்தயம் நடத்தியபோது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அந்தக் கால ஹப் பிரேக்கில் கிரீஸ் கொதித்துப் புகைந்து போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. டிஸ்க் பிரேக் அவ்வளவு எளிதில் கைவிடாது என்றாலும், வழியெல்லாம் பிடித்துக்கொண்டே இறங்குவதைவிடப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குவதே நல்லது.

மழை பெய்த மறுநாள் ஓட்டலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்து விடை சொல்கிறேன். மேற்கு இறக்கத்தின் அடியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், முதலாம் ஆண்டு மழைக்காலத்தில் எங்களை நிறுத்தித் தரையைக் காட்டினார். "தம்பி, ஆட்டுக்குளம்பு பட்டா மண்ணு அங்கங்க அமுங்கும், அம்புட்டுதான். உங்க சக்கரம் பட்டா வாய்க்கா ஆயிடுது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். ஈரத்தில் பதிந்த குளம்புத் தடங்கள் ஒவ்வொன்றும் சிறு கிண்ணம்போலத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நின்றன. எங்கள் டயர்த் தடம் மட்டும் மேலிருந்து கீழே அறுபடாத ஒரே கோடாக இருந்தது. அதன் வழியே கலங்கல் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு விரல் ஆழத் தடம் அடுத்த மழையில் ஒரு சாண் ஆழம் ஆகிறது. அதில் கால் வைக்க முடியாமல் மக்கள் பக்கத்துப் புல்லில் நடக்கிறார்கள். ஒற்றையடிப் பாதை இரண்டாகி, மூன்றாகி, புல் போய்ச் செம்மண் அரிப்பு தொடங்குகிறது. சைக்கிள் பாதை அமைப்பவர்கள் பின்பற்றும் விதி ஒன்றுண்டு: பாதையின் ஏற்றம், அது செல்லும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போகும். தாண்டினால் பாதையோடே ஓடும். நம் கால்நடைப் பாதைகள் பலவும் குறுக்குவழி தேடி நேராக இறங்குபவை என்பதால் இந்த அரிப்புக்கு எளிதில் ஆளாகின்றன.

எனவே மழை நின்று குறைந்தது இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகே போகிறோம். ஏரிக்கரையில் ஒரு கைப்பிடி மண்ணெடுத்துப் பிசைந்து பாருங்கள். கொழுக்கட்டைபோல் உருண்டு நின்றால் திரும்பிவிட வேண்டும், உதிர்ந்தால் போகலாம். 40 கி.மீ. பயணம் செய்து வந்த நண்பர்களை இந்தச் சோதனைக்குப் பிறகு இருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெரியவர் சொன்னபடி, ஏற்கெனவே மண் அரித்துப்போன இரண்டு இடங்களில் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கற்களைப் பதித்தோம். ஒரு பருவ மழைக்குப் பின் கல்லின் மேற்புறம் மண் சேர்ந்திருந்தது.

வழியில் எதிர்ப்படுகிற மக்களிடமும் கால்நடைகளிடமும் எப்படி நடந்துகொள்வது?

தலையில் புல்லுக்கட்டுடன் ஓர் அம்மா எதிரே வந்தால், சைக்கிளை விட்டு இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று, உறுதியான மேற்பக்கத்தை அவருக்கு விட வேண்டும். சுமையோடு அவரால் சட்டென்று விலக முடியாது. ஆட்டுமந்தை வந்தால் தொலைவிலேயே நின்று, மேய்ப்பவர் கையசைத்த பிறகு தள்ளிக்கொண்டு போகலாம். நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

புளியமரத்தடியில் சாய்ந்து நிற்கும் நடுகல் ஒன்று பாதையில் வரும். வீரனின் உருவம் செதுக்கிய அந்தக் கல்லை ஊரார் வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். பழங்காலத் தகடூர் நாடான இவ்விரு மாவட்டங்களும் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. இளைப்பாற நல்ல நிழல் என்பதால் அங்கே எல்லாரும் நிற்பார்கள். கல்லின் மீது சைக்கிளைச் சாய்ப்பதோ, அதன் முன்னே செருப்போடு நிற்பதோ கூடாது.

புல்வெளி வெறும் தரிசுதானே, அங்கே பாதையை விட்டு விலகி ஓட்டினால் என்ன?

வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று இருக்கலாம். கவுதாரியும் வானம்பாடியும் அந்தத் திறந்த புல்லில்தான் வாழ்கின்றன. ஊரின் ஆடுகளுக்கு அதுதான் மேய்ச்சல். ஒரு மே மாதத்தில், சைக்கிள் இல்லாமல் நடந்து போனபோது, ஆட்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. காலடியில் பார்த்தால், கூடென்று ஒன்றுமே இல்லாமல் சரளைக்கு நடுவே நான்கு முட்டைகள், மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு, கூர்முனைகளை உள்நோக்கி வைத்துக் கிடந்தன. இரண்டடி தள்ளியிருந்தால் மிதித்திருப்பேன். சைக்கிள் வேகத்தில் அவை கண்ணில் படவே படா. அதனால் தடத்தைவிட்டு ஒரு கை அகலம்கூட விலகுவதில்லை.

பாம்பு கடித்தால், அடிபட்டால் என்ன செய்வது?

கற்பாங்கான வறண்ட நிலம் சுருட்டைவிரியனுக்குப் பிடித்த இடம். இறங்கி நிற்கும்போது கல்லிடுக்கில் கை வைக்காதீர்கள், புதரோரம் உட்காராதீர்கள். கடிபட்டால் அசையாமல் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எல்லாம் கேடு. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் பொதுவானது. பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. கரட்டின் பின்புறம் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத பகுதி ஒன்றரை கி.மீ. உள்ளது என்பதால் தனியாக வருவதை நான் ஒப்புவதில்லை.

எவ்வளவு தண்ணீர், என்ன உணவு?

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், சிறிது உப்பும் எலுமிச்சையும், சில கடலை உருண்டைகள். காலையில் ஓர் உருண்டை கேழ்வரகுக் களி சாப்பிட்டு வந்தவருக்கு வேறொன்றும் தேவைப்படாது.

எங்கள் குழுவில் இருபது பேர் இருக்கிறோம். பாதையைக் காட்ட முடியுமா? ஜி.பி.எஸ். தடத்தை அனுப்ப முடியுமா?

ஒரு முறைக்கு நான்கைந்து பேருக்கு மேல் அழைத்துச் செல்வதில்லை. தடத்தை இணையத்திலும் ஏற்றுவதில்லை, ஏனென்றால் வரப்போரம் போவதற்கு நிலத்துக்காரர்கள் தந்த சம்மதம் முகம் தெரிந்த எங்களுக்குத் தந்தது. டிசம்பரில் கேழ்வரகு அறுவடை முடிந்து கொல்லைகள் காலியான பிறகு, நான்கு நான்கு பேராக வாருங்கள். முதல் நாள் சைக்கிளை ஏரிக்கோடியிலேயே நிறுத்திவிட்டு, முழுச் சுற்றையும் ஒருமுறை நடந்தே பார்ப்போம். ஆடு மேய்க்கும் பெரியவர் பெரும்பாலும் எட்டு மணிக்கு மேற்கு இறக்கத்தின் அடியில் இருப்பார். அவரிடமும் அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.